ஆறாவது கதவு

— ம்ம்ம்ப்ப்ப்ர்ர்ர்ர்ஹச்! திறந்துச்சாடா?

— இல்லக்கா.

— ஜலதோஷம் பிடிச்ச எருமை தும்மினா இப்படித்தானே இருக்கும்? முதல் கதவு இதுக்குப் படார்னு திறந்துச்சே!

— அது முதல் கதவு. இது ஆறாவது. எருமையெல்லாம் இதுகிட்டச் செல்லாது.

— ஐயோ, கொஞ்சம் மெதுவாங்க! இது ஆஸ்பத்திரி. பக்கத்து ரூம் பெரியவர், மாடு எப்படி மாடி ஏறி வந்துச்சுன்னு என்னைப் பிடிச்சு உலுக்குறார்.

— மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். என் தம்பிக்காகத்தான். இவன் ஒரு கேம் எழுதியிருக்கான். படமெல்லாம் நான் வரைஞ்சது. நாலு மணிக்குள்ள போட்டிக்கு அனுப்பணும். கடைசிக் கதவு திறந்து தொலைய மாட்டேங்குது.

— என்னவோ பண்ணுங்க. ஏங்க தம்பி, அந்தச் சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட்டாச்சா? நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ஆபரேஷன். பெரிய டாக்டர் ரெண்டு தடவை கேட்டுட்டார்.

— கதவு திறக்கட்டும் சிஸ்டர்.

— எந்தக் கதவு? ரூம் கதவு திறந்துதானே கிடக்கு?

— அது இல்ல சிஸ்டர், லேப்டாப்ல இருக்கிற கதவு. இதோ பாருங்க, கால் முளைச்ச உருளைக்கிழங்கு. நம்ம வாயால கோமாளித்தனமா சத்தம் போட்டா மைக் வழியாக் கேட்டுக் குதிக்கும். எவ்வளவுக்கு எவ்வளவு கிறுக்கோ அவ்வளவுக்கு அவ்வளவு தூரம் போகும். ஒழுங்காப் பேசினா உக்காந்துடும்.

— ஒழுங்காப் பேசினா உக்காந்துடுமா? எங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கே. சரிங்க, நான் பிரஷர் பாக்குற மெஷினோட வரேன். அதுக்குள்ள போட்டு வைங்க, சரிங்களா?

— சரி சிஸ்டர்... டேய், அவங்க போயிட்டாங்க. இப்பச் சொல்லு. என்னதான் வேணும் இந்தக் கதவுக்கு?

— முயற்சி பண்ணுக்கா.

— ஒரு வாரமா அதைத்தானேடா பண்றேன்! கோவிச்சுக்கிட்ட குக்கர் மாதிரி கத்தியாச்சு. கால் மிதிபட்ட பூனை, தண்ணி வராத குழாய், நம்ம மாமாவோட குறட்டை, எல்லாம் ஆச்சு. குளிக்கிறப்பக்கூட வெளியில மைக்கை வச்சுட்டுக் கத்தினேன். உங்க அத்தான் என்னைப் பாக்குற பார்வையே மாறிப்போச்சு!

— தெரியும். ஒவ்வொரு தடவையும் கிழங்கோட சண்டை வேற போட்டிருப்பே.

— போடாம? "குதிச்சுத் தொலையேன்டி ராசாத்தி"ன்னு கெஞ்சினேன். அசையல. அது பழுதுடா. நீ எங்கேயோ தப்பா எழுதியிருக்கே. நீ எழுதுறதுல ஒரு வரி எனக்குப் புரியாது. கொஞ்சம் உள்ளே போய்ப் பாரேன்.

— பாத்தாச்சு. பழுது இல்ல.

— விளையாடிப் பாக்கக் குடுத்தமே பதினோரு பேருக்கு, அதுல ஒருத்தராவது தாண்டினாங்களா? கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மூடி வச்சுட்டுப் போயிட்டாங்க!

— தொண்டை கட்டினதோட போச்சு அவங்களுக்கு.

— ...அப்படிப் பேசாதே. கும்பிட்டுக் கேக்கறேன்.

— உள்ளதைத்தானே சொல்றேன். நாளைக்குக் குரல்வளையை எடுத்துடுவாங்க. அப்புறம் எருமையும் கிடையாது, குக்கரும் கிடையாது. நானே செஞ்ச கேம், நானே ஆட முடியாது. என் கிழங்கு என்னைப் பாத்து உக்காந்தே இருக்கும்.

— உயிரோட இருப்பேடா! அது போதாதா? தள்ளிப் போட்டா புத்துநோய் கழுத்துக்குள்ள இறங்கிடும்னு டாக்டர் உன் முகத்துக்கு நேரா சொன்னாரே, காதுல விழலியா?

— விழுந்துச்சு. இருமல் வர்றப்பவெல்லாம் விழுது. ஆனா அக்கா, பேச முடியாதவன் பக்கத்துல எவன் வந்து உக்காருவான்? வருவாங்க, பழம் வைப்பாங்க, அஞ்சு நிமிஷம் கடிகாரத்தைப் பாப்பாங்க, போயிடுவாங்க. நம்ம வீட்டுல தூங்குறப்பக்கூடப் பேசுற ஆளுங்க. அங்க நான் எங்கே போய் உக்காருவேன்?

— என் பக்கத்துல உக்காருடா! நான்தான் இருக்கேனே!

— நீ ரெண்டு ஆளுக்கும் சேத்து நீயே பேசுவே.

— பேசுவேன், பேசாம? உனக்காகத் தொண்டை கிழியப் பேசுவேன். உனக்கு என்ன வேணும்னு கேட்டுக் கேட்டு உயிரை எடுப்பேன். முதல்ல நீ கையெழுத்துப் போடு.

— கதவு திறந்தாத்தான்.

— இது என்னடா பிடிவாதம்? சின்னப் பிள்ளையா நீ? ஒரு கிழங்கு கதவைத் தாண்டறதுக்கும் நீ உயிரோட இருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் பயமா இருக்குடா. ராத்திரி முழுக்க அந்தத் தாளைக் கையில வச்சுக்கிட்டு உன் கையெழுத்தை நானே போட்டுடலாமான்னு பாத்தேன். போட வரல.

— அழாதேக்கா.

— அழாம? சரி, ஒண்ணு பண்றேன். அந்தக் கதவையே எடுத்துடறேன். படம் என்னோடது, அழிக்க எனக்குத் தெரியும். அஞ்சு கதவோட கேம் முடிஞ்சுடுச்சு. நீ கையெழுத்துப் போடறே.

— தொடாதே!

— அழிக்கத்தான் போறேன். தள்ளு கையை.

— அக்கா, வேணாம்! அந்த ஒண்ணு மட்டும் வேணாம்! மத்த அஞ்சையும் எடுத்துக்கோ, இதைத் தொட்டே... கஹ்... கஹ்ஹ்...

— டேய்! டேய், தண்ணி குடி! சிஸ்டர்! சிஸ்டர், இங்க வாங்களேன்!

— வந்துட்டேன், வந்துட்டேன். என்னங்க இது, மூஞ்சியெல்லாம் சிவந்து கிடக்கு? சாயுங்க தம்பி. கையை நீட்டுங்க, பிரஷர் பாக்கணும். லேப்டாப் மடியிலேயே இருக்கட்டும், அசையாதீங்க.

— அவனுக்கு ஒண்ணும் ஆகலியே சிஸ்டர்? நான்தான் கத்த வச்சுட்டேன். என் வாயைத் தைக்கணும். சிஸ்டர், இவன் உதடு ஏன் இப்படி...

— அம்மா! அளக்கறப்ப பேசினா தப்பாக் காட்டும். அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க.

— சரிங்க, நான் வாயே திறக்க மாட்டேன், ஆனா ஒரே ஒரு...

— மூச்!

— ...

— ...

— ...

— ...

— டேய்.

— பேசாதீங்கன்னேனே!

— சிஸ்டர், கதவு! கதவு திறந்துடுச்சு! பாருங்க, கிழங்கு உள்ளே நடந்து போகுது! யாரும் எதுவும் பண்ணலியே, எருமை இல்ல, குக்கர் இல்ல, நான் இவன் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துதானே இருந்தேன்! பழுது தானாச் சரியாப் போச்சாடா?

— பழுதே இல்லக்கா. இருபது விநாடி யாரும் வாயைத் திறக்கலேன்னா திறக்கிற மாதிரிதான் அதை எழுதினேன், நாளைலேருந்து நானும் விளையாடணும்ல... சிஸ்டர், அந்தப் பேனாவைக் குடுங்க.