இடுப்பு வச்ச போர்வை

...போர்டை நானும் படிச்சுட்டுதான் அண்ணே உள்ள வந்தேன். பெட்டி பிரிச்ச ஊசியைத் திரும்ப எடுக்க மாட்டீங்க. சரி, எடுக்க வேணாம். பணமும் வேணாம், நீங்களே வச்சுக்குங்க. எனக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். இந்தக் குரோஷா ஊசி சரியில்லைன்னு உங்க வாயால சொல்லணும். அதையே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, கடை முத்திரையும் குத்திக் குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்.

தலையை ஆட்டாதீங்க. நீங்க ஆட்டுறதுல ஆமாவும் தெரியல, இல்லையும் தெரியல.

இதைப் பாருங்க. இப்படி மேசை மேல விரிச்சுக்கட்டுமா? அந்தப் பட்டன் டப்பாவைக் கொஞ்சம் நகர்த்துங்க. ம். இது என்ன? போர்வை. பச்சைக் குழந்தைக்குப் போர்வை. ஆரம்பத்தைப் பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு. அப்படியே கீழ வாங்க. இங்க என்ன ஆச்சு? உள்ள போகுது. இன்னும் உள்ள போகுது. அப்புறம் மனசு மாறி வெளிய வருது. வந்தது சும்மா இருக்கா, இதோ, மறுபடியும் உள்ள போயிடுச்சு. போர்வைக்கு எதுக்கு அண்ணே இடுப்பு? அதுவும் ரெண்டு இடுப்பு?

நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். வரி திரும்புற இடத்துல கடைசிக் கண்ணியை விட்டிருப்பேன். அதானே? புதுசாக் கத்துக்கிறவங்க எல்லாரும் பண்ற தப்பு. எண்ணியாச்சு. வரிக்குத் தொண்ணூறு கண்ணி. அகலமா இருக்கிற இடத்துலயும் தொண்ணூறு, இடுப்புலயும் தொண்ணூறு. ரெண்டு தடவை எண்ணினேன், மூணாவது தடவை எங்கம்மாவை விட்டு எண்ணச் சொன்னேன். பின்றது அதே ஆளு, நூல் அதே நூல், கணக்கு அதே கணக்கு. அப்ப மிச்சம் இருக்கிறது யாரு? ஊசி. இதுக்குப் பேருதான் தர்க்கம். பல்கலைக்கழகத்துல நாலு வருஷமா இதைத்தான் படிக்கிறேன், என்னை ஏமாத்த முடியாது.

பெட்டியில என்ன போட்டிருக்கு, படிக்கட்டுமா? 'கைக்கு வலி தராது, சீரான பின்னல் தரும்.' தரும். தரலாம்னு போடல, தரப் பார்க்கும்னு போடல. அடிச்சுச் சொல்றான், தரும்னு. முத்து நிறத்துல பெட்டி, உள்ள வெல்வெட்டு, அதுக்கு மேல ஊசி என்னமோ பரம்பரை நகை கணக்கா படுத்துக்கிட்டு இருக்கு. இதோ இந்த டம்ளர்ல கத்தையா நிக்குதே உங்க அலுமினிய ஊசி, அதுல இருபது வாங்கலாம் இது ஒண்ணோட விலைக்கு. ரெண்டும் நாலு எம்எம்தான். கொக்கி கொக்கிதான். அப்ப அந்த இருபது மடங்கும் எதுக்குக் குடுத்தேன்? 'சீரான'ங்கிற அந்த ஒரு சொல்லுக்குத்தானே?

அம்மா, நீங்க, பின்னால நிக்கிறவங்க. கையில ஒண்ணு மலிவு, ஒண்ணு விலை கூடினது, எதை எடுக்கிறதுன்னு முழிக்கிறீங்கல்ல? கொஞ்சம் பொறுங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் வாதாடுறேன்.

முதல்லயே மலிவானதை வாங்கியிருக்கலாமேன்னு நினைக்கிறீங்க. உங்க மூஞ்சியே சொல்லுது. அது முடியாது அண்ணே, அதுல மானப் பிரச்சினை இருக்கு. எங்கக்காவுக்குத் திங்கக்கிழமை குழந்தை பிறந்திருக்கு. ரெண்டு வாரம் முன்னாலயே வந்துடுச்சு, அவசரக்குடுக்கை, சித்தி மாதிரி. நாளன்னைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வர்றாங்க. அப்ப இந்தப் போர்வை முடிஞ்சு, மடிச்சு, அவ மடியில இருக்கணும். நானும் அவளும் பேசி நாப்பத்தேழு நாள் ஆச்சு. இதைக் குடுத்துட்டா பேச்சு வந்துடும்னு ஒரு கணக்கு போட்டு வச்சிருந்தேன். இந்த லட்சணத்துல குடுத்தா என்ன பேச்சு வரும்? நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டீங்க. சரி.

என்ன, அலுமினிய ஊசியை எடுத்து நீட்டுறீங்க? பின்னிக் காட்டணுமா? அதுல இருபது கண்ணி நாலு வரி, இதுலயும் இருபது கண்ணி நாலு வரி, அப்புறம் அளந்து பார்க்கணும். ஓ, சோதனை. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் அண்ணே. வாங்க, பார்த்துடலாம். முதல்ல மலிவு.

இந்தப் பின்னலை எனக்குக் கத்துக் குடுத்ததே அவதான், தெரியுமா? அக்கா. கரண்ட்டு போன ஒரு மத்தியானம், வேலை வெட்டி இல்லாம ரெண்டு பேரும் ஜன்னலோரம் உக்காந்திருந்தோம். அவ பொறுமையைப் பார்க்கணும் நீங்க. பென்சில் மாதிரி பிடிடி, கத்தி மாதிரி பிடிக்காதம்பா. கத்தி மாதிரியும் பிடிக்கலாம்னு புத்தகத்துலயே இருக்கும்பேன் நான். வீட்ல எனக்கு அவ வச்ச பேரு வக்கீலு. "வக்கீலு, நூல் உன் விரல் மேல சும்மா உக்காந்துட்டுப் போகட்டும், அதைக் கூண்டுல ஏத்தி விசாரிக்காத"ம்பா. அன்னைக்கு நான் பின்னினது ஒரு சாவிப்பைதான், இத்தனூண்டு. அதை இன்னும் வச்சிருக்கா. பீரோ சாவி அதுலதான் தொங்குது... ஆச்சு நாலு வரி. அளங்க. எவ்வளவு? பதிமூணு செண்டிமீட்டர். எழுதிக்குங்க.

இப்ப விலை கூடினது. வழுக்கிக்கிட்டுப் போகுது பாருங்க, அதை நான் மறுக்கல. சண்டை என்னன்னு கேக்கவே இல்லையே நீங்க? கேக்காட்டியும் சொல்றேன். ஏழாம் மாசத்துலயே டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. சும்மா கிடந்தா பைத்தியம் பிடிக்கும்னு அவ தலைகாணியில சாய்ஞ்சுக்கிட்டு ஒரு தொப்பி பின்னினா. கரடிக் காது வச்ச தொப்பி. ஊசி எது? பேனா, ரப்பர் விக்கிற கடையில வாங்கினது. நுனியில பூச்சு உரிஞ்சு, நாலு கண்ணிக்கு ஒரு தடவை நூலைப் பிராண்டும். நான் போய்ப் பார்த்தா ஒரு காது பெருசு, ஒரு காது சிறுசு. யாரா இருந்தாலும் சொல்லத்தானே செய்வாங்க? சொன்னேன். சொல்லிட்டு விட்டிருக்கலாம்தான். ஆனா அவ என்ன சொல்றா, தொப்பிக்கு இது போதும்கிறா. போதுமாம். அது எப்படிப் போதும்? கருவி சரியில்லைன்னா வேலை எப்படி சரியா வரும்? மலிவா வாங்குறதுதான் கடைசியில பெரிய செலவுன்னு நான் ஒரு முக்கால் மணி நேரம் எடுத்துச் சொன்னேன். நடுவுல மாமா வந்து, விடும்மா, அவ கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்னாரு. நீங்க எந்தக் கட்சின்னு கேட்டேன். மனுஷன் சமையலறைக்குள்ள போய்க் கழுவி வச்ச தட்டையே திரும்பக் கழுவ ஆரம்பிச்சுட்டாரு. அப்ப இவ சொல்றா, கை வராதவளுக்குத் தங்கத்துல ஊசி குடுத்தாலும் ஒண்ணுதான்னு. பொதுவாச் சொன்ன மாதிரி சொன்னா. என்னைப் பார்த்துக்கிட்டே சொன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க... நாலு வரி ஆயிடுச்சா? அளங்க, அளங்க.

பத்தரை.

பார்த்தீங்களா? பதிமூணு எங்க, பத்தரை எங்க? என் கையில, உங்க கடையில, உங்க டேப்புல. எடுங்க சீட்டு. 'இதனால் தெரிவிப்பது என்னவென்றால்'னு ஆரம்பிங்க.

இப்ப என்ன? திரும்ப எதுக்கு அலுமினிய ஊசி? அதுல இன்னொரு நாலு வரியா? அதுவும் அந்தச் சண்டையோட மிச்சத்தைச் சொல்லிக்கிட்டேவா? சண்டைக்கும் ஊசிக்கும் என்ன அண்ணே சம்பந்தம்? சரி. எதிர்த்தரப்புக்கும் ஒரு வாய்ப்பு குடுக்கணும். அதுதான் முறை.

மிச்சம் ஒண்ணும் பெருசா இல்ல. நான் ஒரு வார்த்தை சொன்னேன். "குழந்தை போடுறதாவது பார்க்கிற மாதிரி இருக்கட்டும். நீ விடு, நானே பின்னிக்கிறேன்." அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் பேசினப்ப அவளுக்கு ஒண்ணும் ஆகல, இது போய்க் குத்திடுச்சு. நூலோட நுனியைத் தேடிப் பிடிச்சு இழுத்தா. பெரிய காது முதல்ல போச்சு. அப்புறம் சின்னது. அப்புறம் தலை, சுத்திச் சுத்தி, வரி வரியா. ஒரு மாசமாப் படுத்துக்கிட்டே பின்னினது. எல்லாத்தையும் பிரிச்சு, பந்தா உருட்டி, தலைகாணிக்கு அடியில வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அவளால அப்படித் திரும்பவே கஷ்டம், வயிறு அவ்வளவு பெருசு. நான் நிறுத்துடின்னு கத்தியிருக்கணும். கையைப் பிடிச்சிருக்கணும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பார்த்தியா, நீயே ஒத்துக்கிட்டே."

...அளங்க.

எவ்வளவு? பத்தா? பத்தரை கூட இல்லையா? இருங்க, இது எந்த ஊசி? இது மலிவுதானே? முதல்ல இதேதானே பதிமூணு வந்துச்சு? டேப்பைக் குடுங்க, நானே பார்க்கிறேன்.

ம்.

பத்து.

அப்படிப் பார்க்காதீங்க அண்ணே. ஒரு நிமிஷம் இருங்க. போர்வையை இப்படித் திருப்புங்க. இந்த முதல் இடுப்பு இருக்கே, இது... இது எங்க பேராசிரியர் என் ஆய்வேட்டோட மூணாவது அத்தியாயத்தைச் சிவப்பு மையால குளிப்பாட்டித் திருப்பிக் குடுத்த வாரம். அதுக்குக் கீழ கொஞ்சம் அகலம், அது செமஸ்டர் லீவு. இந்த ரெண்டாவது இடுப்பு, இது அம்மா மூலமா அவ சொல்லி அனுப்பின அன்னைக்கு. குழந்தைக்கு ஒண்ணும் வேணாம், எல்லாம் கடையில வாங்கியாச்சுன்னு. அன்னைக்குப் பன்னெண்டு வரி பின்னினேன் நான். நூல் என்ன பாவம் பண்ணுச்சு, கழுத்தை நெரிச்சிருக்கேன். நாலு வருஷம் தர்க்கம் படிச்சு, ஆளு அதே ஆளுன்னு எழுதிக் குடுத்திருப்பேன் அண்ணே. ஒரு நாள் கூட அதே ஆளு இல்லை.

இந்த ஊசிக் கம்பெனிக்காரனுக்கு நான் எழுதின கடிதமும் பையில இருக்கு. எட்டுப் பக்கம். நல்லவேளை, ஸ்டாம்பு ஒட்டல.

அந்தம்மா எங்க போனாங்க? ரெண்டு ஊசியையும் வச்சுட்டு ஜிப் வாங்கிட்டுப் போயிட்டாங்களா? அதுவும் சரிதான்.

அது என்ன, அஞ்சு எம்எம்மா? கை இறுக்கமா இருக்கிறவங்க ஒரு அளவு பெருசா எடுத்துக்கணுமா? யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எல்லா நேரமும் இறுக்கம் இல்லையே. சாதா நேரத்துக்கு நாலு, கோபத்துக்கு அஞ்சுன்னு மாத்தி மாத்தி வச்சுக்கிட்டா? கோபம் என்ன மணி அடிச்சுட்டா வருது? மிச்சம் இருக்கிறது முப்பது வரி. ரெண்டே நாள். இதை ஒழுங்காப் பின்னணும்னா என் மனசு அமைதியா இருக்கணும். என் மனசு அமைதியா இருக்கணும்னா அவ என்கிட்ட பேசணும். அவ பேசணும்னா போர்வை முடியணும். போர்வை முடியணும்னா... இது வட்டமாப் போகுது. வட்டத்துல போற வாதம் செல்லாது. எங்கயாவது ஒரு இடத்துல வெட்டித்தான் ஆகணும்.

நீங்க ஏன் என் போனையே பார்க்கிறீங்க?

மாட்டேன். அவதான் அக்கா, பெரியவ, அவதான் முதல்ல பேசணும். அதுக்கு நியாயம் இருக்கு. என்னால மூணு காரணம் சொல்ல முடியும். முதல் காரணம்... அண்ணே, நீங்க வாயைத் திறக்காமலே ஜெயிக்கிறீங்க, அது முறையே இல்ல. சரி, அடிக்கிறேன். எடுக்க மாட்டா. குழந்தை தூங்கும். டாக்டர் வந்திருப்பாங்க. ரிங் போகுது. பார்த்தீங்களா, எடுக்க மாட்...

அக்கா. நான்தான்.

இல்ல, அம்மா சொல்லிப் பண்ணல. நானாத்தான். எப்படி இருக்கே? ...அவன்? ...அப்படியா, யாரு மாதிரி? ...அய்யோ, பாவம்.

அக்கா, நான் ஒரு போர்வை பின்னினேன். அவனுக்கு. ...ம், நீ சொன்ன அந்தத் தங்க ஊசியிலதான். ...இல்ல, நல்லா வரல. இடுப்பு வச்சிருக்கு. ...இடுப்புதான். ரெண்டு. ...சிரிக்காத. ஆபரேஷன் பண்ணின வயிறு, சிரிச்சா வலிக்கும். சொன்னாக் கேளு, சிரிக்காத.

என்ன? ...ஊசி மேல தப்பா?

இல்லக்கா. ஊசி மேல தப்பு இல்ல. இதுலயும் இல்ல, உன்னோடதுலயும் இல்ல.

...

ம். ஆமா, சொன்னேன். ...ம். அதையும் சொன்னேன். ...இல்ல, குறுக்க பேசல, நீ சொல்லு. ...ம். ...ம்.

அண்ணே, உள்ள உக்கார ஏதாவது இருந்தா இப்படித் தள்ளுங்களேன். நாப்பத்தேழு நாள்ல இப்பதான் முதல் நாளுக்கு வந்திருக்கா.