முப்பத்தொன்றாம் எண்ணில் நான் சேர்த்த ஒலிப்பதிவு

என் பெயர் ஸ்ரெச்கோ லெபான். வயது 54. தந்தை பெயர் விக்டர். ஸ்லோவேனியாவில் பொட்ஸ்டேனா நகரம், பாலத் தெரு, 9ஆம் எண் வீட்டில் தனியாக வசித்து வருகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தினேன். எங்கள் ஊர் போர்க்கால மறைவு மருத்துவமனை அருங்காட்சியகத்தின் இயக்குநர் பதவிக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன், மூன்று முறையும் நிராகரித்தார்கள். தற்போதைய இயக்குநர் நேவென்கா துஷார் என்னிடம் படித்தவர். சுமாரான மாணவி. இதையும் எழுதிக்கொள்ளும்படி காவல் அதிகாரியிடம் சொன்னேன்.

சென்ற ஆண்டு, பார்வையாளர்கள் காதில் கேட்டுத் திரையில் படமும் பார்க்கும் வழிகாட்டிக் கருவியைத் தயாரிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பார்வையாளர்கள் நின்று கேட்கும் இருபத்து நான்கு நிறுத்தங்களுக்கும் நானே எழுதினேன். அந்த மருத்துவமனைக்குக் காயம்பட்டவர்களைக் கண்ணைக் கட்டி, ஓடைத் தண்ணீருக்குள் நடந்துதான் தூக்கிச் செல்வார்கள். யாரும் வழியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. 1944 நவம்பரில் எதிரிப் படை அதே ஓடை வழியாக வந்து பதினொரு பேரைக் கட்டிலிலேயே சுட்டது.

அப்போது அங்கே தாதியாக இருந்த மில்கா ராவ்னிகாரை, அவருடைய தொண்ணூற்றைந்தாம் வயதில், சமையலறையில் வைத்துப் பதிவு செய்தேன். “ரொட்டி கொண்டுவர்றவன் அவன். வழி தெரியும். அன்னைக்கு அவங்களுக்கு முன்னாடி நடந்து வந்தான், என் கண்ணால பாத்தேன்” என்று சொல்லி, பெயரையும் சொன்னார். அந்த நபர் இன்றைய நகரத் தலைவரின் தந்தை. பதினாறு நாள் கழித்து மில்கா இறந்தார்.

அதன் பின்னர் இயக்குநர் என்னை அழைத்து, “சார், அந்தம்மா வயசான காலத்துல ஏதோ ஒளறியிருக்கு. யாரோ ஒருத்தர்னு போடுங்க, போதும்” என்றார். “யாரோ ஒருத்தன் காட்டிக் குடுக்கல நேவென்கா, பேரு உள்ளவன்தான் குடுத்தான்” என்றேன். அவர் பதினேழாம் நிறுத்தத்திலிருந்து மில்காவின் குரலை அழித்துவிட்டு, ‘எதிரிகள் தற்செயலாகக் கண்டுபிடித்தனர்’ என்று சேர்த்தார்.

அதன் பின்னர் நாற்பது கருவிகளிலும் அந்தப் பதிவை 31 என்ற எண்ணில் சேர்த்தேன். சுவரில் 24 வரைதான் எண் உண்டு. திறப்பு விழாவுக்கு முன் இயக்குநர் சுவரில் இருந்த எண்களை மட்டும் கருவியில் அமுக்கிப் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டார். மாணவியாக இருந்தபோதும் பாடப் புத்தகத்துக்கு வெளியே அவர் எதையும் பார்த்ததில்லை.

அதன் பின்னர், ஞாயிறு பூசை முடிந்ததும், ரொட்டிக் கடைக்காரி ஸ்லாவிட்சாவிடம் மட்டும் எண்ணைச் சொன்னேன். எங்கள் ஊருக்கு அது போதும். செவ்வாய்க்கிழமை, அருங்காட்சியகத்தில் காலே வைக்காதவர்கள் வந்து கருவியை வாங்கி, உள்ளே போகாமல் நடையிலேயே நின்று கேட்டார்கள். மர அறுவை ஆலையில் வேலை பார்த்த டோனே, “வாத்தியாரே, கண்ணாடிய வீட்ல வெச்சிட்டேன். நீயே அமுக்கு” என்றார். அமுக்கினேன். மூன்று முறை கேட்டார். மூன்றாம் கட்டிலில் செத்தது அவருடைய அண்ணன். “வருஷா வருஷம் எனக்கு வேட்டைக் கறி குடுத்தனுப்புவான்யா அந்தாளு” என்றார்.

வெள்ளிக்கிழமை கருவிகளைப் பறிமுதல் செய்து என்மீது புகார் கொடுத்தார்கள். இதைச் செய்ய எனக்கு யாரும் உதவவில்லை. மூலப் பதிவு எங்கே என்று சொல்ல மாட்டேன். வருத்தமுண்டா என்று கேட்டதற்கு, 31இல் ஒளித்து வைத்ததற்கு மட்டும் என்றேன். பதினேழிலேயே திரும்பப் போட்டிருக்க வேண்டும்.

இந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியபோது, வழி காட்டிய மேற்படி ஆள் ‘ஒரு நபர்’ என்று பதிவாகியிருந்ததால் கையெழுத்திட மறுத்தேன். அதிகாரி வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு நாற்பது நிமிடம் கழித்து வந்தார். அதன் பின்னர் என் வற்புறுத்தலின் பேரில் சேர்க்கப்பட்டது: மில்கா ராவ்னிகார் சொன்ன பெயர் ஆல்பின் ப்ரெஸ்னிக்.

இதை முழுவதும் நானே படித்தேன். யாவும் உண்மை. ஒரு பெயரும் விடுபடவில்லை.

(ஒப்பம்) ஸ்ரெச்கோ லெபான்