ஏழு நாமக்கோழிகள்

– நீங்களே வாசிங்க, வில்பிரட் சார். எனக்கு வாய் வரல.

– 'இரும்புலியூர் ஏரியில் ஏழு நாமக்கோழிகள். கண்டவர்: மதகுக் காவலர் திரு. சுப்பராயலு.' சரியாத்தானே இருக்கு? உங்க பேரை நானே ரெண்டு தடவை ப்ரூஃப் பார்த்தேன்.

– பேரு சரி சார். கோழிதான் தப்பு. ஐம்பது வயசுல முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்து படிச்சவன் நான். முதல் தடவையா என் பேர் அச்சுல வந்தது உங்க காலேஜ் மலர்லதான். என் சம்சாரம் கிளியம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினா. இப்ப பால் வாங்கப் போனாக்கூட 'வாய்யா, கோழி சுப்பராயலு'ங்கறானுங்க. நாமக்கோழி இந்த ஏரியில காக்கா மாதிரி. அதைப் போய் எவனாவது எழுதிக் குடுப்பானா?

– பறவைப் பக்கத்துக்கு நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் போட்டேன். உங்க நோட்டு இதோ பையிலதான் இருக்கு.

– குடுங்க, வாசிக்கறேன். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டு, சனவரித் திங்கள் நான்காம் நாள், கதிரவன் எழும் வேளையில், வடகரையின் அருகே, தலையில் பட்டை தரித்த நீர்ப்பறவைகள் ஏழு இனிதே வீற்றிருந்தன. அக்காட்சி என் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது.'

– ஆங், பட்டை. நாமக்கோழிக்கும் நெத்தியில வெள்ளையா இருக்குமே. அதான் பேரைப் போட்டேன்.

– நாமம் எங்க சார், பட்டை எங்க? நாமம் நெட்டுக்கு நிக்கும். பட்டை குறுக்கே படுக்கும்.

– எங்க வீட்டுல ரெண்டும் கிடையாதே, சுப்பராயலு. நெத்தியில இருந்தா எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.

– எங்க பக்கத்துல இதை மாத்திச் சொன்னா நிச்சயம் பண்ண கல்யாணமே நின்னுடும்.

– சரி, என் தப்புதான். ஆனா வாத்துன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் ஏன் குழம்பப் போறேன்?

– முதல்ல வாத்துன்னுதான் எழுதினேன். அந்த வரிக்கு அழகா இல்ல. அடிச்சிட்டு நீர்ப்பறவை போட்டேன். சிரிக்கறீங்களா?

– இல்லை இல்லை. பனி, இருமல்.

– இருமலை அடக்குங்க, பறந்துடும். குனிஞ்சு வாங்க. கோரைக்கு அந்தாண்ட சேத்துத் திட்டு தெரியுதா? உள்ளானுங்க புழு பொறுக்குதே, அதுக்குப் பின்னாடி பைனாகுலரை வைங்க.

– உள்ளான் இருக்கு... சிவப்புக் கால், நெட்டைக் கால்... பின்னாடி... ஆண்டவரே. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில ரெண்டு கறுப்புப் பட்டை.

– குறுக்கே?

– குறுக்கேதான். இது வரித்தலை வாத்து, சுப்பராயலு. இமயமலையைத் தாண்டி வர்றது. பல்லாவரத்துலேர்ந்து வண்டலூர் வரைக்கும் இருபது வருஷமா ஏரி ஏரியா சுத்தறேன், ஒண்ணுகூட என் கண்ணுல பட்டதில்லை. மார்ச் இதழ் இன்னிக்குத்தான் பிரஸ்ஸுக்குப் போகுது. திருத்தம் போட்டுடறேன்.

– மூலையில பொடி எழுத்துல போட்டுடாதீங்க சார்.

– முதல் பக்கம், பெட்டி கட்டி. 'கண்டவர் திரு. சுப்பராயலு.' போதுமா?

– 'கண்டறிந்தவர்'னு போடுங்க. கண்டவன்னா வழியில போறவனும் கண்டவன்தான்.

– கண்டறிந்தவர். சந்தோஷமா? கரைமேல யாரோ வர்றாங்க பாருங்க.

– பம்மல் ஜெயவேலு. சுட வர்றவங்களுக்கு வழி காட்டறவன். பைனாகுலரை இறக்கிடுங்க.

– இன்னா நைனா, காலங்காத்தால சாரோட குந்திகினு கீற?

– மதகு பார்க்க வந்தேன், ஜெயவேலு. ரோட்டுல ஜீப்பு உன்னுதா?

– ரெண்டு பார்ட்டி, நாலு துப்பாக்கி. அதுல பெரியவரு சாரோட காலேஜுல படிச்சவராம், மலரு மாசாமாசம் அவரு வூட்டுக்கே வருது. போன வாரமே இங்க வரேன்னாரு. அதுல கோழின்னு போட்டதப் படிச்சிட்டு, கவிச்சி நாத்தம், எவன் துன்னுவான்னு வண்டிய வேற ஏரிக்குத் திருப்பிட்டாரு.

– இன்னிக்கு மட்டும் எதுக்கு இட்டாந்த?

– நீ பண்ணதுதான் நைனா. டீக்கடைல, அது கோழி இல்ல, இம்மாம் பெரிய வாத்துன்னு சண்டை போட்டியாமே. அதச் சொல்லித்தான் பேஜார் பண்ணி இட்டாந்தேன். நீங்க சொல்லுங்க சார், வாத்து கீதா? இருந்தா கூப்டறேன், இல்லாங்காட்டி செங்கல்பட்டு பக்கம் போய்டுவோம்.

– அது வந்து, ஜெயவேலு... எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை...

– சாரை ஏன் கேக்கற? பார்த்தவன் நான். ஏரியில் இருப்பவை நாமக்கோழிகளே.

– அப்ப டீக்கடைல சொன்னது?

– வீம்புக்குச் சொன்னேன். அச்சுல என் பேரோட வந்திருக்கே, அதுதான் நெசம். அடுத்த இதழ்லயும் அதுல ஒரு எழுத்து மாறாது. இல்லீங்களா சார்?