மைனஸ் ஒன்றரை

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டோம், மூக்கின் மேல் இருக்கும் ஃபிரேமைத்தான் பார்ப்போம். நேற்று என் மகள் உங்கள் மேஜையில் ஆறு கண்ணாடிகளை வரிசையாக வைத்தபோதும் நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறுமே நான் பவர் எழுதிக் கொடுத்தவை. நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், முதலாளியம்மா. எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் அவள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "எனக்குக் கல்யாணமெல்லாம் வேணாம்மா. பஸ் ஓட்டப் போறேன்" என்றாள். நான் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அவளுடைய அப்பா இல்லாத வீடு. சொந்தக்காரர்கள் பேசப்போவதெல்லாம் என் தலையில்தான் விழும் என்று பயந்தேன். பயிற்சிக்குக் கண் பரிசோதனை வேண்டும் என்றாள். நம் கடை நாற்காலியில்தான் உட்காரவைத்தேன். கடைசி வரிசைப் பொடி எழுத்துகளைக்கூடக் கடகடவென்று படித்தாள்.

"லேசா பவர் இருக்குடி" என்றேன். மைனஸ் ஒன்றரை எழுதினேன்.

தொழில் தெரிந்தவர் நீங்கள். நல்ல கண்ணுக்கு மைனஸ் போட்டாலும் இளம் கண் எப்படியோ இழுத்துப் பிடித்துப் பார்த்துவிடும். தலைவலிதான் மிச்சம். கழற்றினால் கொஞ்ச நாளைக்குத் தூரத்தில் இருப்பது மங்கும், அதனால் சந்தேகமும் வராது. ஒரு மணி நேரம் ஓட்டினால் தலை வெடிக்கிறது என்று அவள் பயிற்சியைப் பாதியில் விட்டாள். நான் வருடாவருடம் பவரைக் கூட்டினேன். அவள் சுருண்டு படுக்கும்போது நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான். "உன் கை பட்டாத்தாம்மா சரியாகுது" என்பாள். நான் தேய்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நான் கொண்டுவந்த மாப்பிள்ளைகளை மட்டும் அந்தக் கண்ணாடியோடும் அவள் தெளிவாகவே பார்த்தாள். ஒருவர் விடாமல் வேண்டாம் என்றாள்.

போன மாதம் கண்ணாடி உடைந்தது. புது லென்ஸ் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் அவளுக்குத் தலைவலி நின்றுவிட்டது, தெருக்கோடியில் திரும்பும் பஸ்ஸின் எண்ணும் தெரிந்தது. வெளியே ஒரு கண் டாக்டரிடம் போனாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

நேற்று அவள் கத்தவில்லை. "என் கண்ணைவிட உன்னை நம்பினேம்மா" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு பயிற்சிப் பள்ளி விடுதிக்குப் போய்விட்டாள். தைலப் புட்டி அலமாரியில் பாதி தீராமல் இருக்கிறது.

கைத்தவறு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. தெரிந்தே செய்தேன், ஆறு முறை. அவள் ஆசைப்பட்டபடி வாழ வேண்டிய ஆறு வருடங்களை நான் தின்றுவிட்டேன். என்னை வேலையை விட்டு நீக்குங்கள், அதுதான் நியாயம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாற்பது தாண்டினால் யாருக்கும் பார்வை மங்கும், அவளுக்கும் மங்கும். அன்றைக்கு அவள் இங்கே வந்தால் வேறு யாரையும் பரிசோதிக்க விடாதீர்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். அவள் கண்ணைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?