பாப்பா, அம்மாகிட்ட ஃபோனைக் குடு

எனக்கு நாப்பத்திரெண்டு வயசு முடிஞ்சிடுச்சு. நம்பிக்கை வரலல்ல? வாசல்ல காவலுக்கு இருக்காங்களே போலீஸம்மா, அவங்ககூட கட்டில் திரைக்கு அந்தப் பக்கமிருந்து என் குரலைக் கேட்டுட்டு, பிள்ளைங்க வார்டுலேருந்து ஏதோ குழந்தை வழி தவறி வந்துடுச்சுன்னு தேடிக்கிட்டு வந்தாங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. கை எரியத்தான் செய்யுது, பரவால்ல.

எனக்குத் தொண்டை மட்டும் பத்து வயசோட நின்னுபோச்சு. சலவைக் கடைக்கு ஃபோன் பண்றவங்க, பெரியவங்க யாரும் இல்லையான்னுதான் ஆரம்பிப்பாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே மாமாகிட்ட குடுத்துடுவேன். மாமான்னா அக்கா புருஷன். கடை அவரோடது. வெளுக்குறது அக்கா, தேய்க்கிறது நான், கல்லாவுல அவரு.

ஆமா, அடிப்பாரு. ஈரத்துணியை முறுக்கி அடிப்பாரு, அப்பதான் தடம் தெரியாதாம். நடுவுல போனா எனக்கும் விழும். அதை விடுங்க, நீங்க கேக்குறது அன்னிக்கு நடந்தது.

லாட்ஜ் பெட்ஷீட்டுல சாயம் ஏறிடுச்சு. அவ்ளோதான் விஷயம். ஷட்டரை இறக்கிட்டு, அக்கா முடியைப் பிடிச்சு, துணி ஊறப்போடுற தொட்டிக்குள்ள தலையை அமுக்கினாரு. தூக்குவாரு, திரும்ப அமுக்குவாரு. பிடிச்சு இழுத்தேன். உதைச்சதுல சுவத்துல போய் விழுந்தேன். மெஷின் ஓடுற சத்தத்துல எவ்ளோ கத்தினாலும் தெருவுக்குக் கேக்காது. தவழ்ந்து போய் போலீஸுக்கு ஃபோன் போட்டேன். எங்கக்காவைக் கொல்றாரு, சீக்கிரம் வாங்கன்னேன். பாப்பா, விளையாடாத, அம்மாகிட்ட ஃபோனைக் குடுங்கிறாரு ஒருத்தர். அம்மா செத்து ரொம்ப வருஷமாச்சு சார்னேன். சிரிச்சுட்டு வெச்சுட்டாரு. மறுபடி போட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டா நேர்ல வந்து காதைத் திருகுவேன்னாரு. வாங்க சார், வந்து திருகுங்கன்னேன். வெச்சுட்டாரு.

அக்கா கால் உதறுறது நின்னுடுச்சு. இஸ்திரிப் பெட்டி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. பிடியைத் தேட ஏது நேரம், கைக்குக் கெடைச்ச இடத்தைப் பிடிச்சுத் தூக்கி அவரு பொடனியில போட்டேன். ஒண்ணோட நிறுத்தல. தொட்டியை விட்டுக் கீழ விழுந்தப்புறமும் போட்டேன். அதை நான் யார்கிட்டயும் மறைக்கல. ஆஸ்பத்திரி வரைக்கும்கூட அவரு தாங்கல.

அக்கா மாடி வார்டுல இருக்கா. இன்னும் கண்ணு முழிக்கல. அதுவரைக்கும் என் பக்கம் பேச ஆளில்ல. ஃபோன் பண்ணினேன்னு சொன்னா, யாரோ சின்னப் பொண்ணு விளையாடினதாத்தான் பதிவாயிருக்குங்கிறாங்க.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க தம்பி. உள்ள வந்து, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டீங்களே, அப்பவே குரல் தெரிஞ்சுடுச்சு. ஃபோன்ல அந்தக் கனத்த குரலைக் கேட்டு, ரிட்டயராகப் போற பெரிய மனுஷன் யாரோன்னு நெனச்சிருந்தேன். இப்பதான் மீசையே மொளைக்குது உங்களுக்கு. அழாதீங்க. கோர்ட்டுல நான் வாயைத் தெறந்தா நாலு பேரு சிரிப்பாங்க. நான் அன்னிக்கு ஃபோன்ல சொன்னதை, ஒரு வார்த்தை விடாம, உங்க குரல்ல சொல்லிடுங்க.