நாலு தறி வீட்டுக்கு ஒரு பாலிசி

— "அம்மா, நம்ம வீடு தீப்பிடிச்சா மொதல்ல என்னையத் தூக்குவியா, நூலைத் தூக்குவியா?" என் மக வேல்விழி இப்படிக் கேட்டுட்டாட்டி ஜஸீமா. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை!

— அல்லாவே! நீங்க என்னக்கா சொன்னீங்க?

— உன்னையத்தாம்மான்னு சொன்னேன். ஆனா உடனே சொல்லலை. ஒரு நிமிஷம் யோசிச்சுட்டேன். நூல் முதலாளி நூலுல்லா, அது போனா நான் எங்கன போவேன்னு ஒரு நெனப்பு வந்துட்டு. நான் யோசிச்சதை அந்தப் பிள்ளை பாத்துக்கிட்டே நின்னுது. கோமதித் தாயே, அந்த மூஞ்சியை என்னால மறக்க முடியலை.

— பச்சைப் பிள்ளைக்கு ஏன் இந்த நெனப்பு?

— பரமசிவன் அண்ணாச்சி வீடு எரிஞ்சப்ப அதுவும் தெருவுலதான நின்னுது. எல்லாரும் தறியில கிடந்த பாவு நூலையும் கட்டு நூலையும் இழுத்து வெளிய போட்டாவ. அவுக வீட்டுப் பிள்ளை உள்ள நின்னு அழுததை அப்புறந்தான் கவனிச்சாவ. நல்ல வேளை, பிள்ளைக்குப் புகை குடிச்சதோட போச்சு.

— கேட்டேன்க்கா. மனசே ஆறலை.

— அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அந்தச் செவுத்துச் சுவிட்சுப் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பாக்கேன், சுடுதான்னு. பக்கத்துல யாரு சோத்தைத் தீய விட்டாலும் எந்திரிச்சு ஓடுதேன். வீடு பூரா பஞ்சுத் தூசி. மேல பாரு, வயர்ல நூலாம்படை மாதிரி தொங்குது. ஒரு பொறி போதும்லா?

— போதும்க்கா. சும்மா உங்களைத் தேத்த நான் பொய் சொல்ல மாட்டேன்.

— அவரு சவூதியில கிடக்காரு. போன் பண்ணினா, "தறி நாலும் ஓடுதா முத்துமாரி?"ன்னுதான் கேக்காரு. நீ எப்படி இருக்கேன்னு கேக்க நேரமில்லை மனுசனுக்கு. அதான் உன்னய வரச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்துரு தாயி. கொஞ்ச ரூவாயில முடியுத மாதிரி.

— போடத்தான வந்திருக்கேன். அதுக்கு முன்ன ஒன்னு சொல்லுங்க. தெருவுல இன்னைக்கு என்ன, ஒரு சத்தத்தையும் காணும்?

— நீ வாரேன்னு சொன்னேன்லா, எல்லாரும் தறியை நிறுத்திட்டாவ. இன்சூரன்ஸ் ஆளு எந்த வீட்டுக்கு வந்தாலும் தெரு மொத்தமும் நிறுத்திருவோம். ஒருத்தருக்கொருத்தர் செய்யுத உதவி.

— நல்ல உதவி போங்க! பகல் பதினோரு மணிக்குத் தறிச் சத்தம் இல்லாத தெரு சங்கரன்கோவில்ல ஏதுக்கா? முனையில திரும்பினதும் யாரோ செத்துட்டாவன்னு நெனச்சேன். துட்டி வீடு போலன்னு முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டு மெதுவா நடந்து வாரேன்.

— சிரிக்காதட்டி.

— சிரிக்காம என்ன செய்ய? நடு வீட்டுல போர்வை போத்தி நாலு மலை நிக்கே, அது என்னது?

— பழைய சாமான்னு எழுதிக்கோ.

— சரி. வாசல்ல தறிக்குன்னு தனி மீட்டர் தொங்குதே, அதுக்கு எந்தப் போர்வையை வச்சிருக்கீங்க?

— கோமதித் தாயே! அதை மறந்துட்டேனே.

— போர்வையை எடுங்கக்கா. பிள்ளைக போத்துதது. எண்ணெய் பட்டா கறை போகாது.

— ஜஸீமா, நீ நெனச்சா முடியும்லா? வீடு மட்டும் போட்டோ எடு. இந்த மூலையில இருந்து எடுத்தா தறி தெரியாது. வேணும்னா நான் அடுப்பங்கரையில நிக்கேன், அதை எடு.

— முடியும். ரெண்டு நிமிச வேலை. வெறும் வீடுன்னு எழுதினா வருசத்துக்கு ரொம்பக் கொஞ்சந்தான் கட்டணும். ஒரு பாவு நெய்ஞ்ச கூலி போதும்.

— பெறவு என்னட்டி?

— பரமசிவன் அண்ணாச்சி வீட்டுக்கும் ஒரு பாலிசி இருந்துது, தெரியுமா உங்களுக்கு?

— இருந்துதா? அவுக ஒன்னும் சொல்லலியே!

— எப்படிச் சொல்லுவாவ? வேற யாரோ ஒரு ஏஜென்ட் வெறும் வீடுன்னு எழுதிக் குடுத்திருக்கான். எரிஞ்ச பெறவு கம்பெனி ஆளு வந்து சாம்பலைக் கிளறினான். இரும்புச் சட்டம் நாலும் அப்படியே நின்னுது. இரும்பு எரியாதுல்லா. "வீடுன்னு எழுதி பட்டறை நடத்தியிருக்கீங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டான். ஒத்த ரூவா கிடைக்கலை.

— ஐயோ...

— கேளுங்கக்கா. நான் பொய்யா எழுதிட்டா நீங்க நிம்மதியாத் தூங்குவீங்க. ஆனா அந்தத் தூக்கம் கள்ளத் தூக்கம். நாளைக்கு ஒன்னு ஆயிட்டா, அந்தப் பாவத்தைத் தூக்கிக்கிட்டு நான் எப்படித் தொழுகையில நிக்க?

— அப்ப உள்ளதைச் சொல்லிப் போடு. எவ்வளவு ஆகும்?

— நாலு தறிக்குப் போட்டா அது தொழில்ங்க கணக்குல போயிரும். ஆடித்தபசு சீசன்லயும் தீபாவளி சீசன்லயும் நீங்க வாங்குத கூலி ரெண்டையும் சேத்து அப்படியே கட்டணும்.

— பெறவு நாங்க என்னத்தத் திங்க? பாலிசியையா?

— நானும் மூணு கம்பெனியில கேட்டுட்டேன். ஒருத்தன் தறின்னாலே போனை வைக்கான். இன்னொருத்தன் மெட்ராஸ்ல இருந்து பேசுதான், "மேடம், லூம் கிச்சன்ல இருக்கா பெட்ரூம்ல இருக்கா?"ன்னு. நான் சொன்னேன், "சார், தறி இருக்குத இடத்துலதான் இவங்க சமைக்காங்க, இவங்க தூங்குதாங்க"ன்னு.

— மூணாவது ஆளு?

— அவன் ஒருத்தன்தான் இரக்கமாப் பேசினான். ரெண்டு தறி வரைக்கும் வீட்டோட சேத்துக்கிடுவானாம். விலையும் கையைக் கடிக்காது. ஆனா மூணாவது தறி இருந்தா கிடையாது.

— நாலுல ரெண்டை எங்க போயி விட? கையில எந்த விரலை வெட்டச் சொல்லுத? அந்தா நிக்கே, செவுத்தோரத்துல ரெண்டு அகலத் தறி, அதுதான் சோறு போடுது. இருந்த நகையெல்லாம் போட்டு வாங்கினது. இந்தப் பக்கம் நிக்குதது ரெண்டும் கிழடு. ஒரு நாள் ஓடும், மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிடும்.

— அப்ப கிழட்டை வித்துருங்க.

— வித்தா பழைய இரும்பு விலைக்குப் போகும். ஆனாலும் அதுதான் வழின்னா... பாப்போம். பயத்துல புத்தியே ஓடலை.

— அவசரமில்லை. யோசிங்க. இன்னொன்னு கேக்கணும். அகலத் தறி நிக்குத செவுத்துக்கு அந்தப் பக்கம் மகபூப் பீவி மாமி வீடுதான?

— அவ பேச்சை எடுக்காத.

— ஏன்க்கா? ஒரே செவுரு. தீ வந்தா ரெண்டு வீட்டுக்குந்தான வரும்?

— போன வருசம் வாசல்ல வந்து நின்னா. "முத்துமாரி, இவருக்கு உடம்புக்கு முடியலை, கட்டில் அதிருது, இந்த ரெண்டு தறியையும் அந்தப் பக்கமா மாத்தேன்"னு. அகலத் தறிட்டி, இங்கன மாத்தினா வாசலை அடைச்சிரும். முடியாதுன்னேன்.

— அவ்வளவுதானா?

— "சத்தம் ஆகலைன்னா வீட்டை வித்துட்டுப் போங்க"ன்னும் சொல்லிட்டேன்.

— அவ்வளவுதானான்னு கேட்டேன், அதுக்கு மேலயும் சொல்லியிருக்கீங்க.

— நீ ஒருத்தி! அடுத்த மாசமே நகராட்சியில இருந்து ஒரு ஆளு வந்து நின்னான், குடியிருக்குத வீட்டுல எத்தனை தறின்னு. அவதான் எழுதிப் போட்டிருக்கணும். வேற யாரு? அன்னையோட பேச்சு வார்த்தை முடிஞ்சுட்டு. அவ வீட்டுக்காரரு செத்ததுக்குக் கூட நான் படியேறலை.

— மாமி எழுதிப் போடலைக்கா.

— உனக்கு எப்படித் தெரியும்?

— அந்த ஆளு தெரு பூராத்தான வந்தான்? வருசா வருசம் வாரதுதான்.

— அது சரி... ஆனாலும்...

— இதை நான் சொல்லக் கூடாது. ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுல சொல்லுதது என் தொழிலுக்கு ஆகாது. ஆனா சொல்லாம இருந்தா அதுவும் ஒரு பாவமாப் படுது.

— ஏட்டி, பயங்காட்டாத. என்ன?

— பரமசிவன் அண்ணாச்சி வீடு எரிஞ்ச மறுநாள் மாமி என்னைத் தேடி வந்தாங்க. தூக்கமே இல்லையாம். உங்களை மாதிரியேதான். "நான் ஒத்தையில இருக்கேன் ஜஸீமா, இந்தச் செவுரைத் தொட்டுத் தொட்டுப் பாக்கேன், சுடுதான்னு. என் வீட்டுக்கு ஒன்னு போட்டுக் குடு"ன்னாங்க.

— அவளும் தொட்டுப் பாக்காளா?

— ஒரு செவுத்தை ரெண்டு பேரும் ரெண்டு பக்கமா நின்னு தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. அவுகளுக்குத் தறி கிடையாது, வெறும் வீடு. சுளுவா முடிஞ்சிரும்னு நெனச்சேன். போன்ல கம்பெனிக்காரன் எல்லாம் கேட்டுட்டு, கடைசியா ஒன்னு கேட்டான். "ஒட்டுச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? செவுத்தை ஒட்டி மெஷின் ஏதும் ஓடுதா?"ன்னு.

— சொல்லிட்டாளா?

— சொல்லலை. என் கையைப் பிடிச்சு, "போனை வச்சிரு மக்கா"ன்னாங்க. "பொய் சொன்னா என் ரப்பு அல்லாவுக்கு என்ன பதில் சொல்ல? உள்ளதைச் சொன்னா ஆளு வந்து பாப்பான், அந்தப் பிள்ளை பிழைப்புல மண் விழும். புருசன் கடல் தாண்டிக் கிடக்கான், கையில ஒரு குழந்தை. எனக்குப் பாலிசியே வேண்டாம்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாங்க.

— அவுக வீட்டு மனுசன் செத்ததுக்குக் கூட நான் படியேறலையேட்டி.

— யக்கா, அழாதீங்க. நான் சொல்லியிருக்கக் கூடாதோ?

— நீ கிளம்பு ஜஸீமா. நான் யோசிச்சுச் சொல்லுதேன். போகும்போது தெருவுல சொல்லிட்டுப் போ, தறியை ஓட்டச் சொல்லி. எத்தனை பேரு கூலி என்னால கெட்டுப் போச்சோ.

*

— ஹலோ, யக்கா! மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்க! நான் பஸ்ல வந்துக்கிட்டு இருந்தேன், கேக்கலை. என்ன ஆச்சு? தீயா? பிள்ளை எங்க? பிள்ளை வெளிய வந்துட்டாளா?

— ஏட்டி, கத்தாத, கத்தாத. ஒன்னும் ஆகலை. வேல்விழி பள்ளிக்கூடத்துல இருக்கா.

— என் உசுரே போயிட்டு வந்துது. சொல்லுங்க.

— அந்த ரெண்டு தறிப் பாலிசி இன்னும் இருக்கா? இருந்தா இன்னைக்கே வந்து போட்டோ எடு. மறைக்க ஒன்னும் இல்லை. எந்த மூலையில இருந்து வேணும்னாலும் எடு.

— அல்ஹம்துலில்லா! ரெண்டை வித்துட்டீங்களா? யாரு வாங்கினா?

— சிவகிரிக்காரரு ஒருத்தரு. இன்னைக்குக் காலையிலதான் கழட்டி வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரருகிட்ட முன்னாலயே போன்ல சொல்லிட்டேன். ரெண்டு நாள் போன் பண்ணலை. பெறவு, "நீ பயப்படாம இருந்தாச் சரி"ன்னுட்டாரு. மனுசன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

— நல்ல முடிவுக்கா. இரும்பு விலைக்குத்தான போச்சு? போகட்டும். அகலத் தறி ரெண்டு இருக்குல்லா, அது உங்களைக் கஞ்சிக்கு அலைய விடாது.

— கிழடு ரெண்டுந்தான் இருக்கு.

— என்னது?

— அகலத் தறியைத்தான் குடுத்தேன்.

— யக்கா! உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? சோறு போடுததைக் குடுத்துட்டு, மெக்கானிக்குக்குச் சோறு போடுததை வச்சிருக்கீங்களே! பாலிசிக்கு எந்த ரெண்டா இருந்தாலும் ஒன்னுதான, கிழட்டை வித்துருங்கன்னு நான் சொன்னேன்லா?

— சொன்ன.

— பெறவு ஏன்? விலை கூடத் தந்தானா?

— அதெல்லாம் இல்லை. ஜஸீமா, உன்கிட்ட ஒரு சத்தியம் வாங்கணும். பீவியக்கா கடையநல்லூர்ல மகளுக்குப் பேறுகாலம்னு போயிருக்காவ. நாளைக்குத்தான் வாராவளாம். வந்ததும் நீயாத்தான் வந்த மாதிரி போயி, பாலிசி விசயத்தை மறுபடி எடு. முத்துமாரி சொல்லி வந்தேன்னு மூச்சு விடக் கூடாது. தறி பழுதாப் போச்சு, அதான் வித்துட்டேன்னு அவுக நெனைச்சுக்கிடட்டும்.

— சரிக்கா. ஆனா மாமி பழையபடி அந்தக் கேள்வியில வந்து நிப்பாங்களே. கம்பெனிக்காரன் செவுத்தை ஒட்டி அந்தப் பக்கம் என்ன ஓடுதுன்னு கேட்டா, நான் என்ன எழுத?

— கிழடு ரெண்டும் எதிர்ப் பக்கம் நிக்கு, செவுத்தோரத்துல ஒன்னும் இல்லைன்னு எழுது. ஆளு வந்து பாத்தாலும் ஒன்னும் இல்லை.