ஏழைப் பன்னிரண்டாக்கிய எங்கள் பெரிய சிஸ்டருக்கு

வெளிறிய விழி கண்டால் வெகுண்டெழும் வீராங்கனையே! ஊசிக்கு அஞ்சி ஓடுவோரை ஒரே அதட்டலில் உட்கார வைக்கும் உத்தமியே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமைச் செவிலியரே!

தங்கள் தொண்டுக்குச் சான்று தேடி நாங்கள் அலையவில்லை. பதிவு மேசையிலிருக்கும் எழுத்தர் அம்மையார் ஒருவரே போதும். மாடி ஏறினால் மூச்சிரைத்து, மதியம் வந்தால் கண் சொருகும் அவரைத் 'தூங்குமூஞ்சி' என்று நாங்கள் நகைத்தோம். மேலாளரோ வேலையை விட்டே நீக்க எண்ணினார். தாங்கள்தான் அவரது கீழிமையை இழுத்துப் பார்த்து, "இது சோம்பேறித்தனம் இல்ல, சோகை" என்றீர்கள். பரிசோதித்தால், ஹீமோகுளோபின் ஏழு!

மருத்துவர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரையை அவர் தவறாமல் விழுங்கியும், ஒரு மாதம் கழித்தும் ஏழு ஏழாகவே நின்றது.

"மாத்திரையை எதோடம்மா முழுங்குறே?"

"சூடா டீயோடதான் சிஸ்டர்."

"அந்த டீதான் சத்தை உடம்புல சேரவிடாம தடுக்குது!"

அன்றே அலுவலகக் கெட்டிலைத் தங்கள் அலமாரியில் பூட்டினீர்கள். இரத்தம் குறையாத நாங்களும் டீயின்றித் தலைவலியால் தவித்தோம்!

பின்னொரு நாள், "சிஸ்டர், கறுப்பா போகுது, நான் செத்துடுவேன்!" என்று அவர் கழிவறையிலிருந்து அலறி வந்தார். "இரும்பு மாத்திரை போட்டா அப்படித்தான் போகும், பயப்படாதே!" என்று நோயாளிகள் நிறைந்த கூடத்தில் தாங்கள் முழங்கியதில், பயந்து பாதியில் மாத்திரையை நிறுத்தியிருந்த இருவர் வெட்கத்தோடு எழுந்து வந்தனர்.

சில மாதங்களில் ஏழு பன்னிரண்டாயிற்று. எழுத்தரின் கன்னத்தில் நிறம் வந்தது. கூடவே வாயும் வந்தது. பட்டப்பெயர் வைத்த எங்களை ஒருவர் விடாமல் பிடித்து விளாசினார். இப்போது மாடிப்படியில் அவருக்கு மேலாளரே வழிவிடுகிறார்!

சென்ற வாரம் அதே படியில் தாங்கள் கைப்பிடியைப் பற்றி நின்றீர்கள். "வயசாச்சும்மா" என்றீர்கள். எழுத்தர் விடவில்லை.

"வயசா சோகையான்னு ரத்தம் சொல்லட்டும். கையை நீட்டுங்க சிஸ்டர்!"

ஒன்பது!

மருத்துவர் மாத்திரை எழுதியதும், ஊரையே விழுங்க வைத்த தாங்கள் சொன்னது என்ன? "ஐயோ, அது வயித்தைப் புரட்டுமே!"

ஆகவே, அன்புத் தாயே, நினைவுப் பரிசாகக் கடிகாரம் வாங்காமல் அந்த மாத்திரைகளையே வாங்கி வைத்திருக்கிறோம். முதல் மாத்திரையை இம்மேடையிலேயே விழுங்கியருள்க! தண்ணீர்க் குவளையோடு எழுத்தர் தங்கள் பின்னால்தான் நிற்கிறார், தப்ப வழியில்லை.

குருதி செழித்து, குரல் குறையாது, நூறாண்டு வாழ்க!

இங்ஙனம்,
தங்கள் அதட்டலில் நலம்பெற்ற
மருத்துவமனைப் பணியாளர்கள்